முற்றத்து மல்லிகை



முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. உள்ளூர் மாடு உள்ளூர்ச் சந்தையில் விலைபோகாது என்றும் சொல்வார்கள். நம் கண்முன் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் பெருமை இருக்கக்கூடும் என்பதை மனித மனம் எளிதில் ஏற்பதில்லை. நாசரேத்தூர் மக்களின் நிலையும் அதுவே. தச்சரின் மகனாகத் தாங்கள் அறிந்திருந்த இளைஞர் தொழுகைக்கூடத்தில் எழுந்து நின்று இறைவாக்கை விளக்கியபோது அவர்கள் முதலில் வியந்தார்கள். அடுத்த கணமே அவருடைய வீடும் உறவும் நினைவுக்கு வந்தன. இறுதியில் அவரை மலை உச்சிக்கு இழுத்துச் சென்று கீழே தள்ளிவிடவும் துணிந்தார்கள். வியப்பு வெறுப்பாக மாற ஒரு நாள்கூட ஆகவில்லை.

ஒரு சமூகம் தன்னிடையே தோன்றும் ஆற்றல்மிக்கவரை எவ்வாறு நோக்குகிறது? எவ்வாறு நோக்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேட நாம் கலிலேயா வரை செல்ல வேண்டியதில்லை. சம்மாந்துறையிலிருந்து வயல்வெளிகளினூடே கிழக்கு நோக்கிச் செல்லும் வீதியில் சிறிது தூரம் சென்றாலே போதும். அவ்வீதி கடற்கரைப் பெருஞ்சாலையைத் தொடும் இடம் காரைதீவு. வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், மேற்கே சம்மாந்துறை என முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள் சூழ்ந்திருக்க, நடுவே கண்ணகி அம்மன் கோயிலைத் தன் நெஞ்சாகக் கொண்டு விளங்கும் தமிழூர் அது. இன்று அம்பாறை மாவட்டம் என நாம் அழைக்கும் இப்பகுதி, 1961ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. அங்கே 1892ஆம் ஆண்டு சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. மயில்வாகனம் எனப் பெயரிட்டார்கள். பின்னாளில் விபுலானந்த அடிகளார் என உலகம் அறிந்தவர் அவரே.

வயலையும் கடலையும் நம்பி வாழும் சிற்றூரில் பிறந்த பிள்ளைக்கு அக்காலத்தில் உயர்கல்வி எட்டாக்கனி. ஆங்கிலக் கல்வி பெற வேண்டுமானால் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். சிறுவன் மயில்வாகனம் முதலில் கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலைக்குச் சென்றார். பின்னர் இயேசு சபைத் துறவியர் நடத்திவந்த மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் அவருக்கிருந்த கூர்மை அங்கே வெளிப்பட்டது. பதினாறாவது வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். சில ஆண்டுகளில் அதே கல்லூரி அவரை ஆசிரியராகவும் ஏற்றுக்கொண்டது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். இந்துக் குடும்பத்துப் பிள்ளை ஒருவருக்கு மெதடிஸ்த பாடசாலை எழுத்தறிவித்தது. கத்தோலிக்கக் கல்லூரி அறிவியலுக்கு வாயில் திறந்தது. பிறகு ஆசிரியர் இருக்கையும் தந்தது. இவன் எந்த ஊர், எந்தக் கோயில், யாருடைய மகன் என்னும் கேள்விகள் அந்த ஆற்றலை மறைத்துவிடவில்லை. ஒரு சமூகம் தன் ஆற்றல்மிக்க பிள்ளைக்குச் செய்யக்கூடிய முதற்பணி இதுவே: புகழ் வருவதற்கு முன்பே அவரைக் கண்டுகொள்வது. பரிசு கிடைத்த பின்பு பாராட்டுவது எவருக்கும் எளிது. பரிசு இன்னும் கிடைக்காத, கிடைக்குமா என்றும் தெரியாத வேளையில் ஒரு பிள்ளையின் கையைப் பற்றி நடத்துவதற்கே அன்பும் தொலைநோக்கும் வேண்டும்.

மயில்வாகனனார் பெற்ற கல்வி ஒரே வழியில் சென்றதன்று. கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்று 1916ஆம் ஆண்டு டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கம் நடத்திய பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் தேறியவர்களுள் முதல்வர் என்று அவரைக் குறிப்பிடுவர். 1917ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டத்தையும் தொடர்ந்து பெற்றார். 1920ஆம் ஆண்டு மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

அக்காலக் கற்றோர் உலகம் இரு முகாம்களாகப் பிரிந்து கிடந்தது. ஆங்கிலம் கற்றோர் தமிழ்ப் பண்டிதரைப் பழமையின் எச்சமாகக் கண்டனர். பண்டிதர்களோ ஆங்கிலம் கற்றோரை வேரற்றவர்களாகக் கருதினர். ஒவ்வொரு குழுவும் தன் அளவுகோலையே உலகின் அளவுகோலாக எண்ணியது. இரு தேர்வுகளிலும் தேறிய ஒருவர், இரு முகாம்களுக்கும் உரியவராகவும் எந்த முகாமுக்கும் முழுமையாக அடங்காதவராகவும் இருப்பார். ஆற்றல்மிக்கவர்களைக் குறித்துக் குழுக்கள் கொள்ளும் அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் நம் வேலிக்குள் நிற்பதில்லை. நாம் கட்டிய வேலி எவ்வளவு சிறியது என்பதை அவர்களுடைய வாழ்வு நமக்குக் காட்டிவிடுகிறது. அந்த வெளிச்சம் நமக்குப் பிடிப்பதில்லை.

அதிபர் பதவி, பட்டங்கள், முப்பதை எட்டாத வயது. படித்த பிள்ளை இனி இல்லறம் ஏற்று உறவினரைத் தாங்கி நிற்பான் என்பதே எந்தக் குடும்பத்திலும் எழக்கூடிய எதிர்பார்ப்பு. மயில்வாகனனாரோ 1922ஆம் ஆண்டு சென்னை சென்று மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டு துறவு பூண்டு விபுலானந்தர் என்னும் பெயர் ஏற்றார். துறவு என்னும் சொல் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குப் புதியதன்று. மகனை குருமடத்துக்கோ மகளைக் கன்னியர் மடத்துக்கோ அனுப்பிவைத்த பெற்றோர், அந்த நாளில் தங்கள் நெஞ்சு பட்ட பாட்டை அறிவார்கள். பிள்ளையின் பெருமை நமக்கு வேண்டும். ஆனால் அவன் நாம் வகுத்த பாதையிலேயே நடக்க வேண்டும். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகக் கிடைப்பதில்லை.

இன்னொரு நெருடலையும் நாம் மறைக்காமல் எண்ணிப் பார்க்க வேண்டும். இலங்கை திரும்பிய அடிகளார் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைப் பொறுப்பேற்று வளர்த்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் 1929ஆம் ஆண்டு சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. காரைதீவிலும் திருகோணமலையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள பாடசாலைகளுக்கு அவர் உழைத்தார். நம் கல்லூரிகளில் படித்தவர், நம் கல்லூரிகளில் கற்பித்தவர், தம் உழைப்பைத் தம் சமயத்தவர் நடத்திய பாடசாலைகளுக்கே தந்தார். நம் பள்ளியில் வளர்ந்தவர் நமக்கென்ன செய்தார் என்னும் கேள்வி சிலருடைய உள்ளத்தில் எழலாம்.

அக்கேள்வியைச் சற்று உற்றுப்பாருங்கள். கல்வியைக் கடனாகக் கொடுத்துவிட்டு வட்டி கேட்பது போன்றது அது. நம் பள்ளிகள் அவருக்கு அளித்தது கொடையானால், அக்கொடை எங்கே கனிந்தாலும் நமக்கு மகிழ்ச்சியே. ஏழைப் பிள்ளைக்குக் கல்வி கிட்ட வேண்டும் என்று அவர் உழைத்தபோது, தாம் பெற்றதையே பிறருக்கு வழங்கினார். பிற சமயங்களில் உண்மையாகவும் தூயதாகவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு அறிவித்தது. அந்தப் படிப்பினையை நாம் உண்மையில் ஏற்றோமா என்பது, நம் கையால் வளர்ந்து நம் வேலிக்கு வெளியே பூத்த மலரை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில் தெரிந்துவிடும்.

1931ஆம் ஆண்டு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அடிகளாரைத் தன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்த்தியது. தமிழறிஞர் நிறைந்த தமிழகத்தில் கிழக்கிலங்கைச் சிற்றூரில் பிறந்த ஒருவருக்கு அவ்விருக்கை கிடைத்தது. அவ்வுயர்ந்த இடத்தில் அமர்ந்தபின் அவர் செய்த இரு செயல்களை நாம் சிறப்பாக நினைவிற்கொள்ள வேண்டும்.

முதலாவது, பாரதியாரைக் குறித்தது. சுப்பிரமணிய பாரதியார் 1921ஆம் ஆண்டு சென்னையில் மறைந்தபோது அவருடைய இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பர். அடுத்து வந்த ஆண்டுகளிலும் இலக்கணம் கற்ற புலவர் பலர் அவரைப் பெரும்புலவராக எண்ணவில்லை. எளிய சொற்களில் பாடியவர் எப்படி மகாகவி ஆவார் என்பதே அவர்களுடைய ஐயம். மதுரைப் பண்டிதர் பட்டமும் பல்கலைக்கழக இருக்கையும் பெற்ற விபுலானந்தர் அந்தக் குழுவின் நடுவில் இருந்தவர். அக்குழுவின் எண்ணத்தோடு ஒத்துப்போவது அவருக்கு எளிதாகவும் இலாபமாகவும் இருந்திருக்கும். அவரோ அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே பாரதி கழகம் ஒன்றை ஏற்படுத்தி, மாணவர் நடுவே பாரதியாரின் பாடல்களைப் பரப்பினார். தாம் பெற்ற மதிப்பை, மதிப்புப் பெறாத ஒருவருக்காகச் செலவிட்டார்.

இரண்டாவது செயல் இன்னும் எளியது. பல்கலைக்கழகத்தை அடுத்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த சேரி இருந்தது. பகலில் பட்டதாரி மாணவருக்கு விரிவுரை நிகழ்த்திய பேராசிரியர், மாலையில் அச்சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டினார். சாதி வேலிகள் இறுகி நின்ற காலம் அது. தம்மை உயர்த்திய கல்வி, தம்மிலும் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டோரை எட்ட வேண்டும் என்று அவர் விரும்பினார்.

இவ்விரு செயல்களையும் எண்ணும்போது திருத்தூதர் பணிகள் நூலில் வரும் பர்னபாவின் நினைவு எழுகிறது. மனம் மாறிய சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீடர் அனைவரும் அவரைக் கண்டு அஞ்சினர். அவருடைய மாற்றத்தை நம்பவில்லை. பர்னபா ஒருவரே அவரை அழைத்துச் சென்று திருத்தூதரிடம் அறிமுகப்படுத்தினார். பின்பு தார்சு நகருக்கே சென்று அவரைத் தேடிப்பிடித்து அந்தியோக்கியாவுக்கு அழைத்துவந்தார். காலப்போக்கில் பவுலின் பெயர் பர்னபாவின் பெயரைவிடப் பெரிதாயிற்று. தம்மைவிடப் பெரியவராக வளரப்போகும் ஒருவருக்கு வழிவிட்டு நின்றதே பர்னபாவின் பெருமை. பர்னபாவைப் போன்ற ஒருவர் இல்லாத சமூகத்தில் பவுலைப் போன்றோர் தார்சிலேயே தங்கிவிடுவார்கள்.

அடிகளாரின் பிற்காலப் பணிகளைச் சுருக்கமாகக் காண்போம். சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு இணைத்து ஆராய்ந்த மதங்க சூளாமணியை அவர் முன்னரே 1926ஆம் ஆண்டு வெளியிட்டிருந்தார். பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதியில் தங்கி, பிரபுத்த பாரத என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். 1943ஆம் ஆண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானார்.

பிறந்த நாடு பேராசிரியர் இருக்கை தருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே அயல்நாடு தந்துவிட்டதே என்று சொல்லத் தோன்றும். ஆயினும் நாம் நியாயம் தவறக் கூடாது. இலங்கையில் பல்கலைக்கழகமே 1942ஆம் ஆண்டுதான் தோன்றியது. தோன்றிய அடுத்த ஆண்டே அவரை அழைத்தது. எல்லா ஊரும் நாசரேத்தூர் அன்று. கல்முனையிலும் மட்டக்களப்பிலும் அவரைக் கண்டுகொண்டவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்து, ஊரையே பழித்துப் பேசுவதும் உண்மைக்கு மாறானது.

அவருடைய வாழ்நாள் உழைப்பின் கொடுமுடி யாழ்நூல். பழந்தமிழர் இசைத்த யாழ் வழக்கொழிந்து, அதன் வடிவமும் மறந்துபோயிருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் பொதிந்துகிடந்த இசைக் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு, வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலிய யாழ்களின் அமைப்பையும் சுரங்களின் கணக்கையும் அவர் மீட்டெடுத்தார். நரம்பின் நீளத்துக்கும் ஒலியின் உயர்வுக்கும் உள்ள தொடர்பைக் கணிக்க விஞ்ஞானம் உதவியது. பழைய நூலின் பொருளை அவிழ்க்கப் பண்டிதரின் புலமை உதவியது. கண்ணகியின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்ச் சூழல் இவ்விரண்டுக்கும் அடியில் நின்றது. ஒருவருக்குள் ஒருங்கே அமையாது என்று குழுக்கள் எண்ணியவை எல்லாம் இந்நூலில் ஒன்றாயின. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பு அது. 1947ஆம் ஆண்டு சூன் மாதம் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. உடல் நலிந்த நிலையிலும் அடிகளார் அங்கே சென்றிருந்தார். அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய உடல் கல்லடி உப்போடையில், அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது.

மறைவுக்குப் பின் ஊரும் நாடும் அவரைக் கொண்டாடின. காரைதீவில் அவர் பெயரில் மத்திய கல்லூரி உண்டு. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் அழகியற் கற்கைகள் நிறுவகம் உண்டு. சிலைகளும் விழாக்களும் உண்டு. இவை எல்லாம் தகும். ஆயினும் இங்கேயும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உயிரோடிருப்பவரைப் பொறாமையால் தாழ்த்துகிறோம். மறைந்தவரை மாலையிட்டு எட்டாத உயரத்தில் வைத்துவிடுகிறோம். அத்துடன் அவரைப் பின்பற்றும் கடமையும் நமக்கு இல்லாமல் போகிறது. சேரிப் பிள்ளைக்குப் பாடம் சொன்னவரின் சிலைக்கு மாலை சூட்டிவிட்டு, அயல்வீட்டு ஏழைப் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் திரும்பினால் அம்மாலை யாருக்கு? இறைவாக்கினரைக் கொன்ற மூதாதையரின் பிள்ளைகள் அவர்களுக்குக் கல்லறை கட்டி அழகுபடுத்துவதை ஆண்டவர் இயேசு கடிந்துகொண்டது நினைவிருக்கட்டும்.

அவர் எங்கள் ஊரார், எங்கள் சமயத்தார், எங்கள் இனத்தார் என்று உரிமை கொண்டாடுவதிலும் கவனம் வேண்டும். கல்முனை முதல் சம்மாந்துறை வரையுள்ள இக்கரையோரம், ஒரே தமிழைப் பேசும் மக்கள் சந்தேகத்தால் பிரிந்து நின்ற நாள்களைக் கண்டிருக்கிறது, இரத்தத்தையும் கண்டிருக்கிறது. இத்தகைய மண்ணில் பெரியோரின் பெயர்கள் எல்லைக் கற்களாக நடப்படக் கூடாது. மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் வளர்த்த இந்துத் துறவி ஒருவர் மீட்டுத் தந்த இசைச் செல்வம், சம்மாந்துறையில் தமிழ் படிக்கும் முஸ்லிம் மாணவிக்கும் உரியதே.

அன்பிற்குரிய பெற்றோரே, உங்கள் இல்லத்தையும் சற்று எண்ணிப் பாருங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையைக் காட்டி மற்றப் பிள்ளையைக் குறைத்துப் பேசுகிறீர்களா? யாக்கோபு யோசேப்புக்கு மட்டும் அணிவித்த அழகிய அங்கி, உடன்பிறந்தோரின் உள்ளத்தில் நஞ்சாயிற்று. யோசேப்பைக் குழியில் தள்ளிய கைகள் சகோதரருடையவை என்றாலும், அந்தப் பகைக்கு வித்திட்டது தந்தையின் ஓரவஞ்சனை. ஆற்றலுள்ள பிள்ளையைப் பாராட்டுங்கள். அவன் ஆற்றல் யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். மற்றப் பிள்ளையிடம் உள்ள கொடையையும் தேடிக் கண்டுபிடியுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை பல்கலைக்கழகம் சென்றால் அதில் குறை தேடாமல் வாசல்வரை சென்று வாழ்த்துங்கள்.

பங்குச் சமூகங்களுக்கும் இது பொருந்தும். நன்றாகப் பாடும் பெண், தெளிவாகப் பேசும் இளைஞன், கணக்கைச் சீராக எழுதும் பெரியவர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் முன்வந்தால் தலைக்கனம் என்கிறோம். ஒதுங்கினால் ஒத்துழைப்பு இல்லை என்கிறோம். வெளியூரில் பரிசு பெற்று வந்தால் மட்டும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். இவ்வாரம் அப்படி ஒருவரை இனங்கண்டு, அவருடைய கொடை நமக்கெல்லாம் நன்மை தருகிறது என்று அவர் காதுபடச் சொல்லுங்கள். அதற்குப் பணம் வேண்டாம், விழா வேண்டாம்.

இறைவனுக்கு உகந்த மலர் எது என்று கேட்டு, அடிகளார் அழகிய பாடல் ஒன்று இயற்றினார். அவருடைய சமாதியில் அது பொறிக்கப்பட்டுள்ளது. பல மலர்களைச் சொல்லிப் பார்த்து, இறுதியில் மனித உள்ளமாகிய தாமரையே இறைவன் விரும்பும் மலர் என்று அப்பாடல் முடிகிறது. பொறாமை நீங்கிய உள்ளம் அத்தகைய மலராகும். பிறரின் உயர்வைக் கண்டு மகிழும் அந்த உள்ளத்தை நம் குடும்பங்களுக்கு அருளுமாறு இறைவனை மன்றாடுவோம்.